தண்ணீர் விடாத நாள்

அணைக்குப் போன் செய்து, "தண்ணி எப்ப விடமாட்டீங்க?" என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.  "எங்கேர்ந்தும்மா பேசறீங்க?" என்றார் எதிர்முனையில் இருந்தவர். ஓசூர் என்றேன். "இங்க தண்ணி விடாம இருந்தா ஓசூர்ல உங்களுக்கு என்னம்மா லாபம்?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார்.

லாபம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு நீலகிரியில் ஓர் அணைக்குக் கீழே ஓடும் ஆற்றில் இறங்கி நின்று ட்ராவுட் மீன் பிடிக்க வேண்டும். அதுவும் மண்புழு போட்டு அல்ல, ஈ போட்டு. நிஜ ஈ கூட இல்லை. தூண்டில் முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிச் செய்கிற பொய் ஈ. அதைத் தண்ணீர் மேல் பட்டும் படாமல் விழ வைத்தால் மீன் ஏமாந்து வந்து கவ்வுமாம். கவ்வியதும் முள்ளைக் கழற்றி மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டுமாம். இதை அவர் விளக்கியபோது நான் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்ப சாப்பிடக்கூட மாட்டீங்களா?"

"சாப்பிடறதுக்கு மார்க்கெட்ல மீனா இல்ல?"

இதற்கு மேல் ஒரு மனிதரிடம் என்ன கேட்பது? ஆனால் எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பீஸைக் கையில் எடுத்தால் அளந்து பார்க்காமல் கீழே வைக்க மாட்டேன். அவருக்கு எங்கிருந்து வந்தது இந்தப் பித்து என்று நானும் அளக்க ஆரம்பித்தேன். போனில் சத்தத்தை அணைத்துவிட்டு மணிக்கணக்காக அந்த வீடியோக்களையே பார்ப்பார். வெள்ளைக்காரர் ஒருவர் முழங்கால் தண்ணீரில் நின்று நீளமான கயிற்றைப் பின்னால் வீசுவார், முன்னால் வீசுவார். பக்கத்தில் ஒரு ஈ காக்கா இருக்காது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் கொஞ்சம் ஆசை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவருக்குக் காது மந்தமாகி வந்தது. தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் இத்தனை வருஷம் நின்றவருக்கு வேறு என்ன ஆகும்? அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பேச்சை மட்டும் வீட்டில் எடுக்க விட மாட்டார். "நீ வாய்க்குள்ளயே பேசற" என்று பழியை என் மேல் போடுவார். போன் வந்தால், "நீயே பேசு, எனக்கு வேலை இருக்குது" என்று நழுவுவார். கம்பெனிக்குத் தெரிந்தால் லைனிலிருந்து எடுத்து எங்காவது மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். சொந்த அண்ணன் முன்னால் செவிடன் என்று பேர் எடுக்கக் கூடாது என்ற வீம்பு இன்னொரு பக்கம்.

அதனால்தான் அணைக்கும் நானே பேசினேன். போனை எடுத்த அந்த பவர் ஹவுஸ்காரர் நல்ல மனிதர், சலிக்காமல் பதில் சொன்னார். அணையின் அடியிலிருந்து வரும் தண்ணீர் எப்போதும் ஜில்லென்று இருக்கும், குளிர்ந்த தண்ணீரில்தான் ட்ராவுட் பிழைக்கும் என்றார். தண்ணீரை எதற்காகத் திறக்கிறீர்கள், பாசனத்துக்கா என்று கேட்டேன். "கரண்டுக்கும்மா. எப்ப கரண்டு அதிகமா வேணுமோ அப்ப திறப்போம். உங்க ஊர்ல மெஷின் நின்னா இங்க தண்ணி நிக்கும்னு வெச்சுக்கங்களேன்" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது பிடித்துப்போயிற்று. இங்கே இவர் பிரஸ்ஸை அழுத்த, அங்கே மலையில் ஒரு மதகு திறக்கிறது. மே தினத்துக்கு எல்லாக் கம்பெனியும் லீவு. அன்றைக்கே வருகிறோம் என்று சொல்லிவிட்டேன்.

"வாங்க. காலைல தண்ணி கம்மியாதான் இருக்கும். ஆனா ஒண்ணு. திறக்கறதுக்கு முன்னாடி சைரன் அடிப்போம். காதுல விழுந்ததும் அடுத்த நிமிஷம் கரையேறிடணும். தண்ணி நடந்து வராதும்மா, ஓடி வரும்."

 காதே வேண்டாம் என்று இவர் ஓர் இடத்தைத் தேடிப் பிடித்திருக்கிறார், அங்கேயும் காதைத்தான் கேட்கிறார்கள். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் ஏதாவது வழி பண்ணலாம். சொல்லாமல் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. இவரிடம் சைரன் விஷயத்தைச் சொன்னேன். "அதெல்லாம் கேக்கும்" என்று இறகைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

வீசிப் பழகுவது முதலில் எங்கள் மொட்டை மாடியில்தான் நடந்தது. இந்தத் தூண்டிலில் ஈயக்குண்டு கிடையாது, கயிற்றுக்குத்தான் கனம். பின்னால் வீசிய கயிறு முழுதாக நீளும்வரை பொறுத்து, அப்புறம் முன்னால் வீச வேண்டும். இவர் பொறுக்காமல் வீசியதில் பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த நைட்டி ஒன்று மாட்டிக்கொண்டது. அந்த வீட்டு அம்மா கன்னடத்தில் கேட்டதை நான் தமிழில் எழுத முடியாது. அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்திலிருக்கும் கெலவரப்பள்ளி அணைக்குப் போக ஆரம்பித்தோம்.

வெயில் காலம் என்பதால் ஆலைக் கழிவில் பொங்கும் நுரை ஓரத்தில் மட்டும் ஒதுங்கிக் கிடந்தது. அந்தத் தண்ணீரில் ட்ராவுட்டைப் போட்டால் அன்றைக்கே செத்துப்போகும், வீசிப் பழக அது போதும். இவர் பாறையில் நின்று வீசினார். கயிறு காற்றில் நீண்டு, வளைந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் படுத்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அவர் என்னைப் பார்க்கும்படி எதிரே போய் நின்று, "இதுல அப்படி என்னதாங்க இருக்குது?" என்று கேட்டேன்.

"ஆத்துக்குள்ள நின்னா யாரும் எங்கிட்ட வந்து பேச மாட்டாங்க இல்ல" என்றார்.

 வீட்டிலும் லைனிலும் கேண்டீனிலும் ஒவ்வொரு வாயாகப் பார்த்துப் பார்த்து அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் பாவம் பார்த்து பாஸ் போடுவது என் வழக்கம் இல்லை. பவர் ஹவுஸ்காரரிடம் கேட்டு வாங்கிய சைரன் சத்தம் என் போனில் இருந்தது. அவருக்குப் பின்னால் நல்ல தூரம் போய், முழுச் சத்தமாக வைத்தேன்.

கரையில் மேய்ந்துகொண்டிருந்த எருமை தலையைத் தூக்கித் திரும்பிப் பார்த்தது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்பார்கள், அன்றைக்கு எருமைக்கே உறைத்தது. இவர் வீசிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் போனேன், இன்னும் பக்கத்தில் போனேன். அலறுகிற போனை அவர் முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. என் நிழல் பாறையில் விழுந்ததும் திரும்பினார். போனைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். கயிற்றைச் சுற்றினார். வீடு வரும்வரை வண்டியை மட்டும் ஓட்டினார்.

அதன் பிறகு ட்ராவுட் பேச்சே இல்லை. நானும் கிளறவில்லை. மே தினம் நெருங்கியபோது வேப்பனப்பள்ளியிலிருந்து அவருடைய அண்ணன் மாங்காய் மூட்டையோடு வந்தார். மாந்தோப்பு வைத்திருப்பவர், தண்ணீர் என்றால் உயிர். தம்பி கேட்டானே என்று சேவல் இறகும் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருந்தார். இறகு எதற்கு என்று கேட்டவரிடம் நான் திட்டத்தைச் சொன்னதும் அவருக்குத் தாங்கவில்லை.

"ஏம்மா, அணைல எப்ப விடுவான்னு நாங்க நாயா அலையறோம். விடாத நாளா பாத்து போறீங்களா நீங்க? ஈ ஓட்டணும்னா இங்கியே ஓட்டலாமே, அதுக்கு எதுக்கு மலை ஏறணும்?"

"உங்க தம்பியக் கேளுங்க மாமா" என்றேன். தம்பி கத்தியை எடுத்து மாங்காய் நறுக்குவதில் மும்முரமாக இருந்தார்.

அப்போது என் போன் அடித்தது. பவர் ஹவுஸ்காரர். யார் யார் ஆற்றில் இறங்குகிறோம் என்று கேட்டார், ஷிப்டில் இருப்பவர்களிடம் சொல்லி வைக்க வேண்டுமாம். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. என் வாயைப் பார்த்து, "யாரு, அணைக்காரரா?" என்று கேட்டுவிட்டு இவர் எழுந்து வந்து என் கையிலிருந்து போனை வாங்கினார்.

"சார், மீன் பிடிக்க வர்றவன் நான்தான். ஒண்ணு சொல்லிடறன். எனக்குக் காது கேக்காது. பிரஸ் ஷாப்புல போய்டுச்சு. உங்க சைரன் எனக்குக் கேக்காது சார். நான் எறங்கலாமா வாணாமான்னு எங்க வீட்டம்மாகிட்ட சொல்லிடுங்க."

போனை என்னிடம் நீட்டினார்.  மாமா மாங்காய்த் துண்டை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் சொன்னது நல்லதாப் போச்சும்மா" என்றார் பவர் ஹவுஸ்காரர். "ஆனா கரைல நின்னு நீங்க கத்தறது ஆவாது. தண்ணி இரைச்சல்ல நல்ல காதுக்கே கேக்காது. கை எட்டற தூரத்துல ஒருத்தர் கூடவே தண்ணிக்குள்ள நிக்கணும். நீங்க நிப்பீங்களா?"

கணுக்காலுக்கு மேல் நான் எந்த ஆற்றிலும் இறங்கியவள் இல்லை. நிற்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். இவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். போகலாமாம், நானும் கூட இறங்க வேண்டுமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.  உதடு அசைந்ததே தவிரச் சத்தம் வரவில்லை.

"இன்னாம்மா சொன்னாரு? எனக்கு ஒண்ணுமே கேக்கலியே" என்றார் மாமா.

இவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "அவளும் கூட எறங்கணுமாம்ணா" என்றார்.