சீர் சோபாவும் பூனைக்குட்டியும்

அக்காவின் கல்யாணத்துக்குச் சீராகப் போக வேண்டிய சோபா, மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தது. அதில் உட்கார எங்கள் யாருக்கும் அனுமதி இல்லை. நான் தெருவிலிருந்து தூக்கி வந்த பூனைக்குட்டிக்கு அது தெரியவில்லை. வந்த வாரமே உறையைக் கிழித்துக் கைப்பிடியில் நகத்தைத் தீட்டிவிட்டது.

பூனையை அடிப்பது பாவம் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை. அதனால் அத்தா கையை ஓங்கவில்லை. "இன்னொரு தடவ கீறுச்சுன்னா எங்கயாவது கொண்டு போய் வுட்டுடுவேன்" என்று என்னிடம் சொன்னார்.

நாலாவது படித்துக்கொண்டிருந்த எனக்கு அன்றிலிருந்து குட்டியைப் பழக்குவதே வேலை. கட்டில் காலில் அரிசிச் சாக்கைச் சுற்றி, கருவாட்டைத் தேய்த்து வைத்தேன். குட்டி சோபாவை நெருங்கும்போதெல்லாம் தூக்கிவந்து, முன்னங்காலைப் பிடித்துச் சாக்கில் கீறக் காட்டினேன். கயிற்றை இறுக்கிக் கட்டித் தந்தது அக்கா. கல்யாணத்துக்காகக் கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டதால் பகலெல்லாம் வீட்டில்தான் இருந்தாள். குட்டிக்கு என்னைவிட மூளை அதிகம். சீக்கிரமே சோபாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சாக்குக்கு ஓடப் பழகிவிட்டது.

மாப்பிள்ளை வீட்டார் வந்து தேதி குறித்துவிட்டுப் போன மறுநாள், சோபாவின் முதுகில் நீளமாக ஒரு புதுக் கிழிசல். குட்டி செய்யவில்லை என்று தரையில் விழுந்து அழுதேன்.

"பின்ன யாரு, நானா கீறுனேன்?" என்றாள் அம்மா.

அக்கா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அத்தா குட்டியை ஒயர்கூடையில் போட்டுத் துண்டால் மூடி எடுத்துப் போனார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் தெரிந்தவரின் கறிக்கடையில் விட்டதாகவும், அங்கே பட்டினி கிடக்காது என்றும் திரும்பி வந்து சொன்னார். அந்த வீட்டிலேயே எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை.

கிழிசல் தெரியாமல் துணி உறை தைத்து அனுப்பிவிடலாம் என்று முடிவாயிற்று. அப்போதுதான் வாங்கியிருந்த செல்போனில் மினி லாரிக்குச் சொல்லிவிட்டு அத்தா வெளியே போயிருந்தார். அம்மா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கூடத்துக்கு வந்தபோது அக்கா தரையில் உட்கார்ந்து, ஊக்கால் சோபாவின் இன்னொரு கைப்பிடியைக் கீறிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கண்ணீர். என்னைப் பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"என்ன மன்னிச்சுடுடா" என்றாள்.

அவளுக்கும் குட்டியின் ஞாபகம் வந்துவிட்டது, அதைப் போலவே கீறிப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதக்கா. நீ அங்க போனதும் வேற குட்டி வளக்கலாம். நான் வந்து பழக்கித் தரேன்."

அவள் இன்னும் அதிகமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணிக்கொண்டு நான் தெருவுக்கு விளையாடப் போய்விட்டேன்.