வெள்ளிக்கிழமைப் படங்கள்

நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் கைபேசிகளுக்கென்று ஒரு ஹோட்டல் இருக்கிறது. நோர்வேக்காரர் அதை ‘மொபில்ஹொட்டெல்’ என்றுதான் சொல்கிறார்கள். வகுப்புச் சுவரில் தொங்கும் ஒரு தடித்த துணி, அதில் முப்பது பைகள், ஒவ்வொரு பைக்கும் ஓர் இலக்கம். காலையில் பிள்ளைகள் வரிசையாக வந்து தங்கள் கைபேசிகளை அதில் தூங்கப் போட்டுவிட்டுப் படிக்கப் போவார்கள். நான் இங்கே ‘வாக்ட்மெஸ்டர்’. பூட்டு, குழாய், கதிரைக் கால், வாசலில் பனி வழித்தல் எல்லாம் என் தலையில். ஒருநாள் அந்தத் துணியின் ஆணி கழன்றுவிட்டதென்று கூப்பிட்டார்கள். ஆணியை அடிக்கும்போது பார்க்கிறேன், பைகளில் கிடந்தவற்றில் நாலைந்து உயிர்போன பழைய கைபேசிகள். உயிருள்ளவை பிள்ளைகளின் காற்சட்டைப் பைக்குள். வகுப்பாசிரியை இங்கெரிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, “நாங்கள் பிள்ளைகளை நம்புகிறோம்” என்றார். நம்புகிறவர்களுக்கு எதற்குத் துணியும் இலக்கமும் என்று கேட்கலாம்தான். என் நோர்வேஜிய மொழி அந்த அளவுக்குப் போதாது.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் என்று மனைவி சொல்லுவாள். இருக்கலாம். மகள் ஆரணியும் இதே பள்ளிக்கூடத்தில்தான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிறாள். தகப்பன் அங்கே விளக்குமாறோடு திரிவது அவளுக்குப் பெரிய வெட்கம். அவள் சேர்ந்த வருடம் ஒரு தாள் தந்தார்கள். பிள்ளையின் படத்தைப் பள்ளிக்கூட இணையத்தளத்தில் போடலாமா, முகநூலில் போடலாமா, பெற்றோர் பார்க்கும் செயலியில் போடலாமா என்று வரிசையாகக் கட்டங்கள். சம்மதத்துக்கு இங்கே ‘சம்தூக்கெ’ என்று பெயர். எல்லாக் கட்டத்திலும் ‘இல்லை’ என்று போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இங்கெர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தி, “உங்களைத் தேடி யாராவது வருவார்களா?” என்று கேட்டார். நான் யோசித்து, உண்மையைச் சொன்னேன்: “இப்போது இல்லை. முன்பு வந்தார்கள்.” அவருடைய முகம் வெளுத்துவிட்டது. அடுத்த கிழமை அதிபர் கோப்பியும் கேக்கும் வைத்து ஒரு கூட்டம் நடத்தினார். எங்கள் குடும்பத்துக்கு இரகசிய முகவரி தேவையா என்று கேட்டார்கள். கமராவைப் பிடிக்காது, அவ்வளவுதான் என்று விளங்கப்படுத்த ஒரு மணித்தியாலம் ஆனது. அவர்கள் நம்பினார்களா என்பது இன்றைக்கும் தெரியாது.

முன்பு வந்தார்கள் என்றது பொய்யில்லை. உடுப்பிட்டிக்குப் பக்கத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்புப் படம் ஒன்று எடுத்தோம். எல்லோரும் எண்ணெய் வைத்துத் தலை இழுத்து நின்ற படம். அது வீட்டுச் சுவரில் தொங்கியது. பிறகு அந்தப் படத்தில் நின்ற இரண்டு பேர் இயக்கத்துக்குப் போனார்கள். இராணுவம் வீடு வீடாகத் தேடி வந்த சுற்றிவளைப்புகளில் யார் யாருக்குப் பக்கத்தில் நின்றான் என்பதே போதுமான குற்றமாக இருந்த காலம். அம்மா படத்தைச் சட்டத்திலிருந்து உருவி அடுப்பில் வைத்துவிட்டார். என் பதினாறு வயது முகம் இப்போது உலகத்தில் எங்கும் இல்லை. ஒரு படம் ஒரு பிள்ளையை என்ன செய்யும் என்பது எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவ்வளவும் தெரிந்திருந்தும் நான் செய்ததைச் சொல்லப்போகிறேன்.

வெளிநாடுகளில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்கு இருபது டெப் கணினிகள் வாங்கி அனுப்பினோம். உலகம் முழுக்கத் திரையில் படிக்கும்போது எங்கள் பிள்ளைகள் மட்டும் வெண்கட்டித் தூளை விழுங்குவதா என்று வட்ஸ்அப் குழுவில் பெரிய பேச்சு. அனுப்பிய பிறகு அடுத்த பேச்சு, பிள்ளைகளிடம் அவை போய்ச் சேருமா, அல்லது யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்களா என்று. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்று எழுதியது நான்தான். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிள்ளைகள் டெப்பில் படிக்கும் படம் ஒன்று வரவேண்டும் என்று விதி வைத்ததும் நான்தான். பதினேழு பேர் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

படங்கள் வரத் தொடங்கின. பள்ளிக்கூடத்தின் முகநூலிலும் அவை ஏறின. ஒவ்வொன்றிலும் முன்வரிசையில் ஒரே பிள்ளை. இரட்டைப் பின்னல், தேய்த்த வெள்ளைச் சட்டை, நெஞ்சுக்கு நேரே டெப். கீழே, ‘தந்தையை இழந்த மாணவி நன்றியுடன்’ என்று எழுதியிருப்பார்கள். அவளுடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முகம் போனது போதும். ஒருநாள் ஆரணி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இந்தப் பிள்ளையிட்டைச் சம்தூக்கெ கேட்டனீங்களோ?”

“அது எங்கடை ஊர். அங்கை உதுகள் தேவையில்லை.”

“ஆர் சொன்னது?”

படிக்கிற வேலையைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

மூன்று வெள்ளிக்கிழமை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் கையிலிருந்த டெப்பின் திரை கறுப்பு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். உடனே அந்தத் திரையைச் சுற்றிச் சிவப்பில் ஒரு வட்டம் போட்டு, ‘மூன்று கிழமையாக ஒரே கறுப்பு. டெப் எங்கே? இது உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கோதா?’ என்று கேட்டுக் குழுவில் விட்டேன். வட்டம் கொஞ்சம் பெரிதாகி அவளுடைய நாடியையும் வாயையும் பிடித்துவிட்டது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அழித்து இன்னொரு வட்டம் போட்டிருப்பேனா தெரியாது. கண்டுபிடித்துவிட்ட சந்தோசம் எனக்கு.

போன ஆடி மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனேன். கையும் களவுமாகப் பிடிப்பதுதான் திட்டம். கணினி அறைக்குப் பொறுப்பான வதனி ரீச்சருக்குச் சொல்லாமலே பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தேன். அவர் கைப்பையிலிருந்து திறப்பை எடுத்து இரும்பு அலுமாரியைத் திறந்தார். இருபதும் இருந்தன. பொலித்தீன் உறைகூட முழுதாகக் கழற்றப்படவில்லை. ஒரு கண்ணாடியிலும் ஒரு பிள்ளையின் விரல் அடையாளம் இல்லை.

“கோவிக்காதேங்கோ அண்ணை” என்றார் ரீச்சர். “ஒண்டு விழுந்து உடைஞ்சாலும் நீங்கள் குழுவிலை என்னைக் கிழிச்சுப் போடுவியள். வெள்ளிக்கிழமையிலை எடுத்து, படம் எடுத்துப்போட்டு, திரும்பப் பூட்டி வைக்கிறனான். சார்ஜ் போடவும் பயம்.”

“அப்ப பிள்ளையள் எதிலை படிக்கினம்?”

“என்ரை ஃபோனிலை. நான் பிடிச்சுக்கொண்டு நிப்பன், அவையள் எட்டிப் பாப்பினம்.”

“முன்னுக்கு இருக்கிற அந்தப் பிள்ளை?”

ரீச்சர் அலுமாரியை மூடினார். “அவள் மூண்டு மாசமா வாறேல்லை. நீங்கள் வட்டம் போட்ட படம் எப்பிடியோ இஞ்சை பிள்ளையளின்ரை ஃபோனுக்கெல்லாம் வந்திட்டுது. நீங்கள் எழுதினது வரேல்லை, படம் மட்டும்தான் வந்தது. டெப் களவெடுத்தவள் எண்டு கதை கட்டிப்போட்டுதுகள். கெட்டிக்காரப் பிள்ளை, அண்ணை. இந்த வருசம் ஓ.எல். சோதினை எடுக்கவேணும்.”

முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டால் நம் சனம் வேறு எப்படி வாசிக்கும்? நானும் அப்படித்தானே வாசித்திருப்பேன்.

அன்று பின்னேரமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் அப்போதுதான் வெங்காயம் பிடி கட்டும் வேலையிலிருந்து வந்திருந்தார். கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். வட்டம் போட்டவன் நான்தான் என்று சொன்னேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“டெப் தாறம் எண்டுதான் அண்ணை முதல்நாள் சொன்னவை. பிள்ளை வீட்டை கொண்டுவரும் எண்டு நான் மேசையைத் துடைச்சு வைச்சனான். பிறகு பாத்தால் படத்துக்கு மட்டும்தான் கையிலை குடுத்தவை. பின்னேரம் வெறுங்கையோடை வருவாள்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “கையிலை தராத சாமானைக் களவெடுத்ததெண்டு எப்பிடி அண்ணை சொல்லுவினம்?” என்றார்.

பிள்ளையோடு ஒரு சொல் கதைக்கலாமா என்று கேட்டேன். தாய் உள்ளே போய் வந்தார். “வரமாட்டாள். கமரா வைச்சிருக்கிறியளோ எண்டு கேக்கிறாள்.” கதவுச் சீலை அசையவில்லை.

அடுத்தநாள் ரீச்சரிடம் கேட்டு அந்த வகுப்பின் முன்னால் நின்றேன். வட்டம் போட்டது நான், அந்தப் பிள்ளை எதையும் எடுக்கவில்லை, இருபதும் அலுமாரிக்குள்தான் இருக்கின்றன, பிழை முழுக்க என்னில் என்று சொன்னேன். பின்வாங்கில் யாரோ கைபேசியை உயர்த்தி வீடியோ எடுப்பது தெரிந்தது. ரீச்சர் பறிக்கப் போனார். நான் விடச் சொன்னேன். இந்த ஒரு படமாவது எல்லா இடமும் போகட்டும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள்தான் ஊரில் நின்றேன். அந்த இரண்டு நாளும் அவள் வரவில்லை.

திரும்பி வந்து குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். படம் எடுப்பதை நிறுத்துவோம், டெப்பைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கச் சொல்லுவோம், உடைந்தால் உடையட்டும் என்றேன். ‘படம் இல்லாமல் எதை நம்பிக் கொடுப்பது?’ என்று லண்டனிலிருந்து ஒருவர் கேட்டார். அது என்னுடைய கேள்விதான். ஒரு கிழமை இழுபறிப்பட்டு, கடைசியில் சம்மதித்தார்கள். முகநூலில் இருந்த படங்களையும் எடுத்துவிட்டார்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் எதுவும் வருவதில்லை. நான் கேட்டது கிடைத்துவிட்டது, ஆனால் அவள் பள்ளிக்கூடம் போகிறாளா என்று தெரியாமல் இருக்க முடியவில்லை. நேற்றுக் காலை எட்டரைக்கு, முதல் பாட மணிக்கு முன்னால், இங்கே பள்ளிக்கூட வாசலில் நின்று வதனி ரீச்சருக்குக் கோல் எடுத்தேன். அங்கே மதியம் பன்னிரண்டு.

“ஓம் அண்ணை, திங்கக்கிழமை தொடக்கம் வாறாள். இப்பவும் வகுப்பிலைதான் இருக்கிறாள்.”

“உண்மையாத்தானோ?”

“நான் ஏன் பொய் சொல்லப்போறன்?”

ஒரு படம் எடுத்து அனுப்புங்கோ ரீச்சர் என்று வாய்வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினேன். அவர் கைபேசியை வைக்காமல் மேசையில் கிடத்திவிட்டு யாருக்கோ ஏதோ சொல்லப் போனார். பிள்ளைகளின் இரைச்சல் கேட்டது. யாரோ இரவல் பென்சில் கேட்டார்கள், யாரோ சிரித்தார்கள், ஒரு பெண்பிள்ளை எதையோ சத்தமாக வாசித்தாள். இங்கே மணி அடித்து, நோர்வேப் பிள்ளைகள் என்னை இடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, மற்றக் காதில் அந்த இரைச்சலுக்குள் அவளைத் தேடினேன். அவள் முகத்தை எத்தனையோ தடவை இரண்டு விரலால் விரித்துப் பார்த்தவன் நான். அவளுடைய குரலை ஒருநாளும் கேட்டதில்லை.