ராசியான ரூம்

போன வாரம் ஒரு போன். போடிப் பக்கம் ஒரு பள்ளியின் ஆண்டு விழாக் குழுவில் இருந்து. "மேடம், சாதனைப் பெண்களுக்கு நீங்கதான் வந்து பொன்னாடை போர்த்தணும்" என்றார் ஒருவர். வருகிறேன், பேசுகிறேன், பரிசு கொடுக்கிறேன், பிள்ளைகள் ஆடினால் கடைசி வரை உட்கார்ந்து கைதட்டுகிறேன்... ஆனால் பொன்னாடை மட்டும் போர்த்த மாட்டேன் என்றேன்.

மனிதர் தயங்கித் தயங்கி, "உங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருக்கோம் மேடம்" என்றார்.

அவர் மேல் தப்பில்லை. நம் ஊரில் ஒருவர் பொன்னாடை வேண்டாம் என்றால், தனக்கு இல்லையோ என்ற மனத்தாங்கலில் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். என் வீட்டு பீரோவில் ஒரு தட்டு முழுக்க அதுதான் இருக்கிறது. போர்த்திக்கொண்டு தூங்கவும் முடியாது, தலை துவட்டவும் ஆகாது.

ஏன் மாட்டேன் என்கிறேன்? போனில் சொல்லக்கூடிய காரணமில்லை அது. உங்களிடம் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில், ஓடைப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் சுதந்திர தின விழாவுக்குப் போயிருந்தேன். தலைமை விருந்தினர் வேறு ஒருவர், ஆண். நான் சும்மா 'சிறப்பு' விருந்தினர். பெண்ணுக்கு ஆண் பொன்னாடை போர்த்தினால் நன்றாக இருக்காது என்பது நம் மேடைகளின் எழுதாத சட்டம். அதற்கென்று பக்கத்தில் ஒரு பெண் வேண்டும். பாதி விழாக்களுக்கு என்னை அழைப்பதே இந்த ஒரு வேலைக்குத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

"அடுத்து, சாதனைத் தாய்" என்று மைக்கில் அறிவித்தார்கள். நடக்க முடியாத மகளைத் தினமும் இரண்டு மாடி தூக்கிக்கொண்டு ஏறி வகுப்பில் உட்கார வைக்கும் தெய்வத் தாய், நம் செல்வராணி அம்மா! மைதானமே கைதட்டியது. பள்ளியின் தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடிப்பில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன், நிஜமாகவே அழுதார்.

செல்வராணி திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டி அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை பார்ப்பவர். முப்பத்தைந்து வயது இருக்கும். மேடைப் படியில் ஒரு கையை இடுப்பில் ஊன்றித்தான் ஏறினார். நான் போர்த்தினேன். போர்த்தும்போது என் காதருகே குனிந்து, "அக்கா, சால்வையெல்லாம் வேணாம்க்கா. பாப்பா வகுப்பக் கீழ மாத்தித் தரச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக" என்றார்.

"இங்கன பாருங்க" என்றார் போட்டோக்காரர். இரண்டு பேரும் பார்த்துச் சிரித்தோம்.

விழா முடிந்ததும் மகளைப் பார்க்கப் போனேன். கீர்த்தனா. ஒன்பதாம் வகுப்பு. முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்தே கால் இரண்டிலும் வலு இல்லை. மற்றதெல்லாம் சரியாகவே இருக்கிறது. வாய் கொஞ்சம் கூடுதலாகவே. என்னைப் பார்த்ததும், "பெரியம்மா, நீங்க பத்திரிகைல எழுதினதுல ஒரு தப்பு. நீங்க சொல்ற எடத்துல கம்பம் பஸ் நிக்காது" என்று ஆரம்பித்தாள். எனக்குப் பிடித்துப்போய்விட்டது.

மாடி வகுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஜன்னல் ஓரம் தன் இடமாம். அங்கிருந்து காற்றாலை தெரியும், மேகமலை தெரியும். மலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வந்தால் 'மழை வருது சார்' என்று முதலில் சொல்வது இவள்தான். கொடியில் துணி காயப்போட்ட டீச்சர்கள் வீட்டுக்குப் போன் போடுவார்களாம். சொல்லும்போது அப்படி ஒரு பெருமை அவள் முகத்தில்.

மீதியை அம்மா சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்தே மாடிதான். ஆனால் முதலில் இவ்வளவு சிரமம் இல்லை. வகுப்புப் பையன்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு கூச்சல் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்கள். மத்தியானம் இறக்குவார்கள், மறுபடி ஏற்றுவார்கள். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. பிறகு கீர்த்தனா பெரிய மனுஷி ஆனாள். மஞ்சள் தண்ணீர் ஊற்றின கையோடு எல்லாம் நின்றுபோனது. பையன்கள் தொடக்கூடாது என்று வீட்டிலும் சொன்னார்கள், பள்ளியிலும் சொன்னார்கள். அப்பாகூட ஒதுங்கிக்கொண்டார். பெண் பிள்ளைகள் தூக்குகிறோம் என்று முன்வந்தார்கள். விழுந்தால் யார் பொறுப்பு என்று பள்ளி தடுத்துவிட்டது. மிச்சம் இருந்தது அம்மாவின் இடுப்பு மட்டும்தான்.

காலையில் மகளை மேலே ஏற்றிவிட்டுச் செல்வராணி தோட்டத்துக்கு ஓட வேண்டும். சாயங்காலம் வந்துதான் இறக்க முடியும். கழிப்பறை கீழே. நடுவில் அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

ஒன்றும் செய்யாது. தண்ணீர் குடிக்காது, அவ்வளவுதான்.

"காலைல நெறச்சுக் குடுத்த பாட்டிலு, சாயங்காலமும் நெறஞ்சேதான் வருதுக்கா" என்றார் செல்வராணி. கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலிலும் அப்படித்தான். நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் படுத்தபோது டாக்டர், தண்ணீர் நிறையக் குடிக்கணும் என்று கீர்த்தனாவைத் திட்டினாராம். அவளும் சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

நேராகத் தாளாளர் அறைக்குப் போனேன்.

தாளாளர் ஏலக்காய் வியாபாரி. நல்ல மனிதர். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் கெட்டவராக இருந்தால் இந்தக் கதை எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கீர்த்தனாவுக்குப் பாதி ஃபீஸ்தான் வாங்குகிறார். ஏலக்காய் போட்ட டீ கொடுத்து உபசரித்தார். ஒன்பதாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்தால் என்ன என்று கேட்டேன். பெரிய வேலையா? பெஞ்சைக்கூட நகர்த்த வேண்டாம். கீழே இருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் பையை எடுத்துக்கொண்டு மேலே போகணும், இவர்கள் கீழே வரணும். ஒரு இன்டர்வெல் போதும். இது சலுகைகூட இல்லை, அந்தப் பிள்ளையின் உரிமை, சட்டமே இருக்கிறது என்றும் சொன்னேன்.

எல்லாவற்றுக்கும் ஆமாம் ஆமாம் என்றார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மேடம், அது ராசியான ரூமு. மொத பேட்ச் புள்ளைக அங்கன உக்காந்துதான் ஃபுல் ரிசல்ட் எடுத்துச்சுக. அதுல இருந்து பத்தாவது அங்கனதான். மாத்துனா பேரண்ட்ஸ் என்னைய உண்டு இல்லைனு பண்ணிருவாக" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு வருஷம் அந்த அறையைக் கம்ப்யூட்டர் லேப் ஆக்கிவிட்டு, பத்தாம் வகுப்பை மாடிக்கு அனுப்பினார்களாம். அந்த வருஷம் பார்த்துச் சிலர் கணக்கில் ஃபெயிலாகிவிட்டார்கள். கணக்கு வாத்தியார் பாதி வருஷம் மஞ்சள் காமாலையில் படுத்துக் கிடந்தார் என்பதையும் அவரேதான் சொன்னார். இருந்தாலும் பழி அறை மேல்தான்! அடுத்த வருஷமே கம்ப்யூட்டர்கள் மாடி ஏறின, பத்தாம் வகுப்பு கீழே இறங்கியது.

கம்ப்யூட்டரை மாடி ஏற்றவும் இறக்கவும் முடிந்த பள்ளி அது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

"ஒரே வருசந்தான மேடம்? அடுத்த வருசம் அந்தப் புள்ள பத்தாவது. தானா கீழ வந்துரும்ல" என்று என்னைச் சமாதானப்படுத்தி அனுப்பி வைத்தார். செல்வராணியிடம் அதைச் சொன்னேன். அவர் இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "ஒரு வருசம்னா தூக்கிருவேன்க்கா" என்றார்.

நான் சும்மா இருக்கவில்லை. கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்தேன், நச்சரித்தேன். பலன்? பள்ளிக்குச் சாய்தளம் வந்தது! வாசலில் இருந்து வராந்தா வரைக்கும், ஸ்டீல் கைப்பிடியோடு, பளபளவென்று. எங்கிருந்தோ ஒரு சக்கர நாற்காலி வாங்கி வந்து கீர்த்தனாவை உட்கார வைத்து, சாய்தளத்தில் ஏற்றிப் போட்டோ எடுத்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் செல்வராணி மகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி ஏறினார். அடுத்த முறை நான் போனபோது அந்தச் சாய்தளத்தில் யாருடைய ஸ்கூட்டரோ நின்றது.

பிறகு ஐப்பசி மழை. ஒரு காலையில் ஈரமான மாடிப்படியில் செல்வராணியின் கால் வழுக்கியது. விழுகிற அந்த நேரத்திலும் மகள் தலை அடிபடாமல் தன் மேல் வாங்கிக்கொண்டார். கீர்த்தனாவுக்குச் சிராய்ப்பு மட்டும். அம்மாவுக்கு முதுகுத் தண்டில் அடி. இனிமேல் குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

பள்ளியில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். ஆப்பிள், ஹார்லிக்ஸ். தாளாளர் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் கொடுத்தார். பாப்பா வீட்டிலிருந்தே படிக்கட்டும், அட்டெண்டன்ஸ் நாங்க போட்டுக்கறோம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஆக, பள்ளிக் கணக்குப்படி கீர்த்தனா ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

வேறு பள்ளி பார்க்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டு அலைந்தேன். நடுவருஷத்தில் யாரும் சேர்க்கத் தயாரில்லை. கீர்த்தனாவுக்கும் போக மனமில்லை. ஜூனில் நம் பள்ளியிலேயே கீழே வந்துவிடப் போகிறோமே என்று ஒவ்வொரு பாடமாகத் தோழிகளிடம் வாங்கி எழுதிக்கொண்டிருந்தாள்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை குச்சனூர் கோயிலுக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். அங்கே அந்தப் பள்ளியின் பஸ் நின்றது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பரீட்சைக்கு முன்னால் சனீஸ்வரனைக் கும்பிட அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கொரு பேனாவைத் தட்டில் வைத்து உள்ளே கொடுத்திருந்தார்கள். தாளாளர் நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்ததும் வந்து நலம் விசாரித்தார்.

ஜூனில் கீர்த்தனா வந்துவிடுவாள் இல்லையா என்று கேட்டேன். சனீஸ்வரன் சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"பாடம் ரொம்ப விட்டுப்போச்சு மேடம். பத்தாவதுல வச்சா ரிசல்ட் அடிபடும். வீட்டுல இருந்தே பிரைவேட்டா எழுதட்டும். ஃபீஸ் வேணும்னா நான் கட்டிர்றேன்" என்றார்.

சண்டை போட்டேன், கோயில் வாசல் என்றும் பார்க்காமல். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கடைசி வரை மரியாதை குறையாமல்தான் பேசினார். மனு மறுபடி கொடுத்திருக்கிறேன், விடப்போவதில்லை. ஆனால் அன்றைக்கு அங்கிருந்து ஆட்டோ பிடித்து கீர்த்தனா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். அவளிடம் என்ன சொல்வது?

செல்வராணி இடுப்பில் பெல்ட்டோடு தரையில் படுத்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், தடுத்தேன். மெல்ல விஷயத்தைத் தொடங்கினேன். "தெரியும்க்கா" என்றார் சன்னமாக. "போன வாரமே கூப்ட்டுச் சொல்லிட்டாக. அவகிட்டதான் சொல்லல."

கீர்த்தனா உள்ளே கட்டிலில் இருந்தாள். மெலிந்திருந்தாள், வாய் மட்டும் குறையவில்லை. புத்தகப் பை கட்டிலின் கால்மாட்டில், தூசி படியாமல் துணி போட்டு மூடியிருந்தது. நான் போர்த்திய பொன்னாடை. அந்த வீட்டில் அதற்கு ஒரு உபயோகம் கிடைத்திருக்கிறது.

குச்சனூரிலிருந்து வருகிறேன் என்றதும், கோயிலில் யாரையெல்லாம் பார்த்தேன் என்று விசாரித்தாள். பத்தாம் வகுப்பு அக்காக்கள் வந்திருந்தார்களா, பேனா வைத்தார்களா என்று கேட்டாள். அடுத்த வருஷம் தன் பேனாவையும் வைக்கணுமாம். பிறகு, இத்தனை மாதம் யோசித்து வைத்திருந்த கேள்வி போலிருக்கிறது, "பெரியம்மா, கீழ அந்த ராசியான ரூம்ல ஜன்னல் இருக்கா?" என்றாள்.

அம்மா எப்படியோ எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான், "இருக்குத்தா" என்றேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. தலையணைப் பக்கம் கையை நீட்டிப் பாட்டிலை எடுத்தாள். அதே பள்ளிக்கூடத்துப் பாட்டில். மூடியைத் திறந்து, அண்ணாந்து, மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

பள்ளிக்கூடம் நின்றதில் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது இது ஒன்றுதான் — இப்போது தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கிறாள்.