தூணில் தொங்கும் கயிறு

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கிறேன். நான் பீடியைத் தொட்டதே இல்லை. ஆனால் வருகிறவர்கள் பற்றவைத்துக்கொள்ள, நுனி கனன்றபடி ஒரு கயிறு கடைத் தூணில் எப்போதும் தொங்கும்.

ஒருநாள் சுகாதார அதிகாரி ஒருவர் வந்தார். பொது இடத்தில் புகைபிடிக்கக் கூடாதாம். சொல்லியிருந்தால் நானே அவிழ்த்திருப்பேன். அவரோ குடிதண்ணீர்ச் சொம்பை எடுத்துக் கயிற்றின்மேல் ஊற்றினார். கரித்தண்ணீர் என் சட்டையெல்லாம் தெறித்தது.

"இவனுங்களுக்கெல்லாம் இப்படிச் சொன்னாத்தான் புரியும்" என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு, தூணில் தடை அறிவிப்பையும் ஒட்டிவிட்டுப் போனார்.

அணைந்த கயிற்றை நான் அவிழ்க்கவில்லை.

"அந்தச் சனியனத் தூக்கிப் போட்டா என்ன?" என்று என் மனைவி கேட்பாள்.

"இருக்கட்டும். ஆளு வருவாரு" என்பேன்.

போன மாதம் வந்தார். திருச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தவர், வாயில் சிகரெட்டோடு அந்த அறிவிப்புக்குக் கீழேயே வந்து நின்றார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"அண்ணே, நெருப்பு இருக்குங்களா?"

பக்கத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. நான் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு தூணைக் காட்டினேன்.

"நீங்க நனைச்ச கயிறு அப்படியே இருக்குங்க சார். பத்த வைங்க, பாப்போம்."