கசில்டா வெட்டிய அத்தி

எங்கள் குடும்பப் பதிவேட்டில் கசில்டா அத்தையின் பெயருக்கு எதிரே என் தந்தை எழுதியது ஒரே வரி: "கோட்டைத் தொட்டியின் சாவி இவளிடம், 1931 முதல் 1968 வரை." பிழையான வரியன்று; போதாத வரி.

எங்கள் ஊர் பெனசால்மாவில் பழையது எதையும் மூர் காலத்தது, அதாவது அந்தக்கால அரபு அரசர்கள் காலத்தது, என்போம், எலிப்பொறி உட்பட. கோட்டை மட்டும் உண்மையாகவே அவர்கள் கட்டியது. மதில் பாதி சரிந்துவிட்டது; முற்றத்துக்கு அடியிலிருக்கும் மழைநீர்த் தொட்டி அப்படியே நிற்கிறது. ஆண்டுதோறும் நீர் தாழும் செப்டம்பரில் அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு இருபத்தொரு படி இறங்கி வண்டல் வாருவாள். பூச்சி பிடிக்க உள்ளே விட்டிருந்த விலாங்கு அவள் கணுக்காலை உரசிப் போகும். தொட்டிக்குக் கூரிய மூலை ஒன்றுகூடக் கிடையாது. அழுக்குத் தங்காதபடி எல்லாவற்றையும் வளைத்திருக்கிறார்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார்.

"உள்ள போயி உரக்கப் பேசினா வெட்கமா இருக்கு" என்பாள் அத்தை.

1957 கோடையில், யாரும் எடுக்காத நாளிலும் நீர் இறங்கியது. மாகாணத்திலிருந்து வந்த பொறியாளர், சுவர் செத்துவிட்டது, மண் கொட்டி மூடிவிடுங்கள் என்றார். ஊர்த் தலைவர் தோன் எலாதியோ சாவி வாங்க வந்தார்.

"குடு கசில்டா. எண்ணூறு வருஷம் உழைச்சிருக்கு, ஓய்வெடுக்கட்டும்."

"நீங்க அம்பதுலயே எடுத்துட்டீங்க தலைவரே. அது உங்கள மாதிரி இல்ல."

"ஒழுகுதும்மா. அவரு படிச்சவரு."

"உள்ள இறங்கினாரா?"

"வாசல்லயே நின்னு பாத்தாரு. புது சப்பாத்து."

"அப்ப எனக்கு ஒம்பது நாள் குடுங்க. நான் செருப்பக் கழட்டுறவ."

எட்டு நாள் விளக்கோடு இறங்கிச் சுவரைச் சாண் சாணாகத் தடவினாள். ஒன்பதாம் நாள் காலை, வடக்குச் சுவரில், வழக்கமான நீர்மட்டத்துக்குக் கீழே, கூந்தல் போல ஏதோ விரலில் சிக்கியது. நகம் நுழையும் விரிசல். அதன் வழியே நுழைந்து உள்ளே குதிரை வால் போல விரிந்த வேர்.

கொத்தனார் லெயாந்த்ரோ அதை முகர்ந்து பார்த்துவிட்டு அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே முற்றத்தில் நின்றது ஒரே அத்தி. மணமான ஆண்டு நிழலுக்காக அத்தையே நட்டது. கணவர் போருக்குப் போய்த் திரும்பாமலே போன பிறகும் அதனடியில் இரண்டு நாற்காலிகள் கிடந்தன.

"வேர மட்டும் நறுக்கிப் பூசிடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றார் கொத்தனார்.

"மறுபடி வராதா?"

"வரும். அத்திக்குத் தண்ணி வாசம் தெரியும்."

"அப்ப கோடாலியக் குடு. நீ வேணாம், நானே வெட்டறேன்."

அன்று மாலை, மரத்தை வெட்டிச் சாய்த்த பிறகு, தலைவரிடம் போய், "சுவர் மேல குத்தமில்ல, என்னோட மரம். எழுதிக்குங்க" என்றாள். ஊர்ப் பதிவில் "வேர்" என்று மட்டுமே இருக்கிறது. என் தந்தையும் விட்டுவிட்டார். நான் சேர்க்கிறேன்: எங்களுக்குத் தெரிந்து அந்தச் சுவரில் விழுந்த ஒரே விரிசல் எங்கள் குடும்பத்து மரத்தால் விழுந்தது.

லெயாந்த்ரோ சுண்ணாம்பும் செங்கல் தூளும் காவிமண்ணும் குழைத்து விரிசலை அடைத்தார். பழைய பூச்சைக் கொத்தியபோது உளியில் பொறி பறந்ததாம்.

அக்டோபர் மழையில் தொட்டி நிரம்பியது. அத்தை சுவரில் நீர் விளிம்பை ஒட்டிக் கரிக்கோடு இழுத்துக் கதவைப் பூட்டினாள். ஒன்பது நாள் கழித்து தோன் எலாதியோ வந்தார். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றிவிட்டு அத்தையின் பின்னால் இறங்கினார். விளக்கைத் தாழ்த்தினார்கள். நீர் அந்தக் கரிக்கோட்டைத் தொட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. தலைவர் குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். படியேறி வந்த பிறகும் சாவியைக் கேட்கவில்லை.