பூங்கோதையின் மூன்றாவது கச்சேரி

நான் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியவன். ஆனாலும் லேக் கார்டன்ஸில் மணிவேல் மைக் செட் என்றால் இன்றைக்கும் நாலு தெருவுக்குத் தெரியும். கல்கத்தாத் தமிழர்களிடம் அப்போது மூன்று மெல்லிசைக் குழுக்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு கெட்டிக்காரர். அந்த மூவரையும் பிரித்தெடுத்து ஒரே மேடையில் ஏற்றியவன் நான்தான். 1997 பொங்கலுக்கு 'மும்முரசு' பிறந்தது.

பாட்டுக்குப் பூங்கோதை. பாலிகஞ்சில் வங்கிக் குமாஸ்தா, திருநெல்வேலிக்காரி. கீபோர்டுக்கு ரங்கராஜன், தபேலாவுக்குக் குருமூர்த்தி. யார் பெயர் முதலில் என்று ஆண்கள் இருவரும் முறைத்துக்கொண்டார்கள். பேனரில் பெயர்களை வட்டமாக எழுத வைத்தேன். படித்தவனுக்கு வருமா இந்த யோசனை?

ஜாதவ்பூரில் இரண்டு கச்சேரி. நம் ஜனங்கள் விசிலடித்தார்கள். பூங்கோதைக்கு அது போதவில்லை.

"நம்மாளு கைதட்டுதது பெரிசா அண்ணாச்சி? பெங்காலிக்காரங்க முன்னால ஒரு தடவ பாடிரணும்."

துர்கா பூஜைப் பந்தலில் அஷ்டமி மாலைக்கு இடம் வாங்கினேன். அதற்குள் அவளுக்கு நாக்பூர் மாற்றல் வந்துவிட்டது. பூஜை முடிந்ததும் கிளம்ப வேண்டும். இதை விட்டால் வேறு மேடை இல்லை.

அஷ்டமி முடிந்து நவமி பிறக்கும் வேளையில் நடக்கும் சந்தி பூஜை ஐந்துக்கே முடிந்துவிடும் என்று ரங்கராஜன் கணக்குச் சொன்னார். ஆறு மணிக்கு அவள் முதல் வரியைத் தொட்டதும் எட்டு மேளங்கள் இடியாக முழங்கின. அப்போதுதான் பூஜையே ஆரம்பம்! மனுஷர் நம்மூர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்திருக்கிறார். இங்கே நடப்பது வங்காளப் பஞ்சாங்கம்.

"ஓய், உம்ம பஞ்சாங்கத்தைக் கங்கையில போடும்!" என்றார் குருமூர்த்தி.

"ஏழு மணிக்கு நாடகம், மணிதா. இனி நேரமில்லை" என்று கமிட்டிச் செயலாளர் தீபக் கைவிரித்தார். 'மணிதா' என்றால் அவர்கள் பாஷையில் மணி அண்ணன்.

பூங்கோதை மேடையை விட்டு இறங்கினாள். பந்தலில் வங்காளப் பெண்கள் 'உலு உலு' என்று மங்கல ஒலி எழுப்பிக்கொண்டிருந்தார்கள். இவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு விட்டாள் பாருங்கள் ஒரு குலவை! மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு, "ஆபார் திதி, ஆபார்!" என்றார்கள்; 'இன்னொரு தடவை அக்கா' என்று கெஞ்சல்.

பூஜை முடிந்ததும் அந்தப் பெண்களே தீபக்கை வளைத்துக்கொண்டார்கள். நாடகம் ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. ஐந்து பாட்டு. ஒரு சொல்லும் புரியாத கூட்டம் கடைசிப் பாட்டில் கூடவே பாடியது. சும்மாவா, ஒலி அமைப்பு நான்!

மும்முரசு அன்றோடு சரி. மற்ற இருவரும் பழைய குழுக்களுக்கே திரும்பிவிட்டார்கள். ஹௌராவில் வண்டி ஏறும்போது பூங்கோதைக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நாக்பூர்ல பந்தல் உண்டுமா அண்ணாச்சி?" என்று கிசுகிசுத்தாள்.

"இல்லேன்னா நான் வந்து போடுதேன், போ" என்றேன்.