மேக்கா, விண்டோஸா? தாய்மாமன் கிளம்புவதற்குள் சொல்லுங்கள்!

போன ஞாயிறு விராலிமலையில் ஒரு காதணி விழா. சாப்பிடத்தான் போனேன். ஒரு யுத்தத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

பந்தியில் இடமில்லை. கொஞ்சம் ஃபேன் காற்று வாங்கலாம் என்று மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தேன். அங்கே இரண்டு பேர் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். சேகர், ஆரோக்கியம். இலுப்பூரில் ஒரே வீடியோ ஸ்டூடியோவின் பங்குதாரர்கள்.

சேகர் மடியில் அப்பளம் மாதிரி மெல்லிய மேக் லேப்டாப். ஆரோக்கியம் முன்னால், ஆம்னி வேனில் ஏற்றிவந்த விண்டோஸ் கம்ப்யூட்டர் — மானிட்டர், கேபினெட், கீபோர்டு சகிதம். கேபினெட்டுக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கு மாறி மாறி எரிந்தது. மண்டப வாசலில் கட்டியிருந்த சீரியல் செட் தோற்றது!

விஷயம் இதுதான். ஸ்டூடியோவுக்குப் புதிதாக ஒரே ஒரு மெஷின் வாங்கப் போகிறார்கள். எது என்பதில் பேச்சு முற்றி, கடைசியில் பந்தயம். காலையில் நடந்த தாய்மாமன் சீர் ஊர்வலத்தை எடிட் செய்து, மண்டபத்தின் எல்.இ.டி. திரையில் யார் முதலில் ஓடவிடுகிறாரோ அவர் சொல்லும் மெஷின்.

“மாப்ள, ஒன் மேக்ல ஒரு ராம் மாத்த முடியுமாடா? உள்ள என்ன இருக்குன்னு தொறந்தாச்சும் பாத்திருக்கியா?”

“தொறக்குற அவசியம் வந்தாத்தானே மாப்ள! நீதான் வாரா வாரம் தொறந்துவச்சு ஊதிக்கிட்டுக் கெடக்க.”

“கல்யாண ஆல்பம் சாஃப்ட்வேர் பூரா எதுல ஓடுது?”

“கலரு எதுல கரெக்டா தெரியுது?”

நடுவில் ஆரோக்கியம் என் பக்கம் திரும்பினார். “சார், நீங்க எதுல எழுதுறீங்க?”

“செல்போன்ல.”

முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள் — என்னைப் பரிதாபமாகப் பார்ப்பதில்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் செல்வி. காது குத்திய பெண்ணின் அம்மா. சீர் கொண்டுவந்த தாய்மாமன் முருகேசன் இவருடைய அண்ணன். இரண்டு நாள் லீவில் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்.

“தம்பி, அண்ணே சாப்புட ஒக்காந்துட்டாக. எந்திரிச்சதும் திருச்சிக்குக் கார் ஏறணும், ஃபிளைட்டு. அதுக்குள்ள போட்டுருவீகளா?”

“ஃபோனுக்கு அப்புறமா அனுப்பிவிடலாம்லக்கா?” என்றார் சேகர்.

“நம்ம சனம் முன்னால வச்சு அவுக பாக்கணும்ப்பா. சீரு கொண்டாந்ததே அவுகதான். ஆனா பின்னால என்ன வந்துச்சுன்னு அவுகளுக்குத் தெரியுமா?”

எனக்குச் சுரீரென்றது. உண்மைதானே! காலையில் நானும் பார்த்தேன். முருகேசன் மாலையோடு முதல் ஆளாக நடந்தார். பின்னால் கொட்டு, வெடி, பழத்தட்டுகள், வாழைத்தார், கொம்பில் பூச்சுற்றிய கிடா, கொடும்பாளூர்ப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வந்த அவருடைய ஊர் சனம். தாய்மாமன் திரும்பிப் பார்க்கலாமா? கெத்து என்ன ஆவது? நேராகப் பார்த்தபடியே நடந்து, மண்டபத்துக்குள் நுழைந்துவிட்டார். சீர் கொடுக்கும் மனிதர் ஒருவர் மட்டும்தான் அந்தச் சீர் ஊர்வலத்தைப் பார்க்காதவர்!

கீபோர்டுகள் பறந்தன. ஆரோக்கியம் முந்தினார். வீடியோ தயாராகிக்கொண்டிருந்தது. தொண்ணூறு சதவீதம்... தொண்ணூற்று மூன்று...

கரண்ட் போனது.

ஜெனரேட்டர் ஓடத் தொடங்கச் சில நொடிகள்தான். ஆனால் சிவப்பு, நீலம் எல்லாம் அணைந்து, கம்ப்யூட்டர் ஆதியிலிருந்து விழித்தது. வேனில் இடமில்லையென்று யு.பி.எஸ்ஸை இலுப்பூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார் ஆரோக்கியம். பேட்டரியில் ஓடிய மேக்குக்குக் கரண்ட் போனதே தெரியாது. சேகர் முடித்துவிட்டார்!

“பாத்தியா மாப்ள!” என்று மேக்கில் செருகியிருந்த ஹார்டு டிஸ்க்கை உருவிக்கொண்டு எல்.இ.டி. ஆபரேட்டரிடம் ஓடினார். பின்னாலேயே நாங்கள். ஆபரேட்டரின் லேப்டாப் விண்டோஸ். டிஸ்க்கைச் செருகியதும் அது கேட்டது — இதைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யட்டுமா?

எது கேட்டாலும் ஓகே அமுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டல்லவா? ஆபரேட்டரின் விரலும் நகர்ந்தது.

“அமுக்காதீங்கண்ணே! உள்ள மூணு கல்யாணம் இருக்கு!”

கத்தியது சேகர் இல்லை. ஆரோக்கியம்.

மேக்குக்கென்று தயார் செய்த டிஸ்க், விண்டோஸ் படிக்காது. சரி, மேக்கையே நேராகத் திரையில் மாட்டலாமே? அதற்கு ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அது எங்கே? இலுப்பூரில். யு.பி.எஸ்ஸுக்குத் துணையாக.

கைகழுவும் இடத்தில் முருகேசன் நின்றிருந்தார். டிரைவர் வாசலில் ஹாரன் அடித்தார்.

ஆரோக்கியம் சட்டைப் பையிலிருந்து கேமராவின் ஸ்பேர் மெமரி கார்டை எடுத்து நீட்டினார். “இத ரெண்டும் படிக்கும். ஏத்து மாப்ள, சீக்கிரம்.”

தோளில் பையோடு முருகேசன் வாசல்படியை நெருங்கும்போது திரையில் கொட்டுச் சத்தம் எழுந்தது. நின்றார். திரும்பினார்.

மேலேயிருந்து டிரோன் எடுத்த காட்சி. முன்னால் தனியாக ஒரு வெள்ளைச் சட்டை. பின்னால் தெரு முழுக்கத் தலைகள், தட்டுகள். தெருமுனை திரும்பியும் முடியவில்லை.

“இம்புட்டுப் பேரா?” என்றார். “நான் நம்ம வீட்டாளுக மட்டுந்தான் வாராகன்னுல்ல நெனச்சேன்... ஏத்தா செல்வி, அந்தா கம்பு ஊண்டி வாரது கருப்பையா அண்ணனா? அவருமா நடந்து வந்தாரு?”

“நீதாண்ணே திரும்பியே பாக்கலையே!”

பையைக் கீழே வைத்தார். ஹாரன் அடிக்க அடிக்க, பந்திக்குள் போய் அந்த அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்து, எச்சில் கையோடு இருந்தவரின் தோளைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகுதான் கார் ஏறினார்.

பந்தயத்தில் யார் ஜெயித்தார்? மெஷின் சேகருடையது, கார்டு ஆரோக்கியத்துடையது. வேனில் சாமான் ஏற்றும்போதும் வாக்குவாதம் ஓயவில்லை. ஓய வேண்டாம் என்றே தோன்றியது. தொழிலை நேசிக்கிறவர்கள்தான் கருவிக்காக இவ்வளவு சண்டை போடுவார்கள். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த மனிதரிடம் போய், “அண்ணே, இது எதுல எடிட் பண்ணுனது தெரியுமா?” என்று கேட்க இருவருக்குமே வாய் வரவில்லை.

கேட்டிருந்தால், அவர் இன்னொரு தடவை போடச் சொல்லியிருப்பார் — அவ்வளவுதான்!